எதிரிக்கும் சாட்சிக்கும் ஒரே பெயர்

பங்குச் சாமியார் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தார். தாலுகா அலுவலகத்தில் என் மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். "சாயங்காலம் வூட்டுக்குப் போற வழியில கோயிலுக்கு வந்துட்டுப் போங்கம்மா. ஒரு சின்னக் குழப்பம்" என்றார்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் ஆண்டு விழாவுக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுவதாக ஏற்பாடு. ஊரின் பழைய குடும்பங்கள் தங்கள் முன்னோர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று ஞாயிறு பூசையில் அறிவித்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்தை அப்பா படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவருக்கு எண்பத்தைந்து வயது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு இருந்தது.

அப்பாவின் தாத்தாவைப் பற்றிய பக்கம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு சர்க்கார் பொருள். கடல் தண்ணீர் ஏறி வற்றுகிற கழியில் தானாகக் காய்ந்து கிடக்கிற உப்பைக் கையால் வழித்து எடுத்தாலும் குற்றம். தாத்தா அப்படி வழித்துக்கொண்டு வந்து கூரைக்குள் செருகி வைத்திருந்தார். பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். திரும்பி வரும்போது இருமலில் ரத்தம் வந்தது. கொஞ்ச நாளில் செத்துப்போனார். அவரைக் காட்டிக் கொடுத்தவன் அதே தெருக்காரன், அதே பெயர்க்காரன். அவன் வம்சம் இன்றைக்கும் மேற்குக் கோடி வீட்டில் இருக்கிறது. இந்தக் கடைசி வரியை எழுத வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எழுது. அதுக்குத்தான் இவ்ளோவும் சொன்னேன்" என்றார்.

சாமியாரின் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அதே பெயர். அதே தகப்பன் பெயர். கூரைக்குள் உப்பு, ஜெயில், ரத்த இருமல், எல்லாம் இருந்தது. கடைசியில், அவரைக் காட்டிக் கொடுத்தவனின் குடும்பம் கிழக்குக் கோடி வீட்டில் இருக்கிறது என்று முடிந்திருந்தது. கிழக்குக் கோடி வீடு எங்கள் வீடு.

"ரெண்டு வூட்டுக்கும் ஒருத்தரே தாத்தாவா இருக்க முடியாதும்மா" என்றார் சாமியார். அவர் சின்ன வயதுக்காரர், திண்டிவனம் பக்கத்து ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "நீங்க ரெக்கார்டு பாக்கத் தெரிஞ்சவங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. யாருதுன்னு தெரிஞ்சா அவங்களத மட்டும் போட்டுடலாம்."

அந்தத் தாளில் இருந்த கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த 'ழ'வின் வால் எனக்கு அடையாளம் தெரிந்தது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் கோயில் புனிதரின் பெயர்தான். எங்கள் ஊரில் அது வீட்டுக்கு ஒருவருக்காவது உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தில் அது ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருந்தது. கூப்பிடுவதற்குப் பட்டப்பெயர் இருந்ததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. காகிதத்தில் பட்டப்பெயர் வராது. என் வேலையில் பாதி இந்தத் தகராறுதான். பட்டாவில் இருப்பவரும் ரேஷன் கார்டில் இருப்பவரும் ஒருவரே என்று சான்று கேட்டு வருகிறவர்களுக்கு விசாரணை அறிக்கை எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. இதையும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேற்கு வீட்டுக்காரர்கள் பொய் எழுதுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேற்கு வீட்டில் அந்தத் தாளை எழுதியவரை எனக்குக் கல்யாணம் பேசினார்கள். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அவர் அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தார். அதற்கு முன்னால் மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில் இரண்டு வருஷம் ஒன்றாகப் போனோம். அவர் காலேஜுக்குப் போனார், நான் டைப்ரைட்டிங் படிக்கப் போனேன். பஸ்ஸில் நாலு வார்த்தை, இறங்கும்போது ஒரு தலையசைப்பு, கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு. அந்தக் கார்டில்தான் அந்த ழ. அவருடைய அத்தை முதலில் எங்கள் அம்மாவிடம் வந்து ஜாடையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா அப்போது உப்பளத்தில் மேஸ்திரி. வேலை முடிந்து வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் சொம்பைக் கீழே வைத்தார்.

"காட்டிக் குடுத்தவன் வூட்டுக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவ இந்தப் பேச்சு இந்த வூட்ல வரக்கூடாது."

வரவில்லை. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் அவர் என்னிடம் வந்து, "எங்க வூட்லயும் முடியாதுன்னுட்டாங்க" என்றார். நான் நம்பவில்லை. எங்கள் வீடு மறுத்த அவமானத்தை மறைக்க அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றரை வருஷம் கழித்துச் செங்கல்பட்டுப் பக்கம் பெண் எடுத்தார். எனக்கு வந்த இடங்கள் எதுவும் கூடிவரவில்லை. பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. தம்பி சென்னைக்குப் போய்விட்டான். நான் வேலைக்குப் போனேன், வீட்டுக்கு வந்தேன். ஒரே தெருவில் முப்பது வருஷம், அவரும் நானும் கோயிலில் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தோம்.

சாமியாரிடம் அந்தத் தாளைப் பார்த்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே அவரிடம் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் மனைவி கொஞ்சம் தள்ளி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பிடி ஏன் எழுதினீங்க? ஜெயிலுக்குப் போனது எங்க தாத்தான்னு ஊருக்கே தெரியும்" என்றேன்.

"ஊருக்கு என்ன தெரியும்? உங்க வூட்ல சொன்னது உங்களுக்குத் தெரியும். எங்க வூட்ல சொன்னது எங்களுக்குத் தெரியும்."

"எங்கப்பா அவரு அப்பா சொல்லிக் கேட்டது."

"எங்கப்பாவும் அவரு அப்பா சொல்லிக் கேட்டதுதான்" என்றார். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். "அன்னைக்கி எங்க வூட்டுல ஏன் வேணாம்னாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே. காட்டிக் குடுத்தவன் வூட்டுப் பொண்ணு வேணாம்னாரு எங்கப்பா. அதே வார்த்தைதான்."

கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாக நான் கோபப்பட்டது ஒரு பக்கமாக மட்டும். அப்பாவோடு கோபம், பேச்சுக் குறைவு, சாப்பாடு வைக்கும்போது தட்டை ஒரு சத்தத்தோடு வைப்பது. இந்தப் பக்கமும் அதே கதவு மூடியிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை.

"பாத்துடலாம். எதுன்னு தெரிஞ்சா சரி. நானும் வரேன்" என்றார் அவர்.

அப்படித்தான் தேடத் தொடங்கினோம். கொஞ்சம் வீம்போடுதான் தொடங்கினேன் என்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தாத்தா என்று நிரூபித்து அவர் முன்னால் தாளை வைக்க வேண்டும் என்று இருந்தது.

முதலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தோம். சாமியார் சாவியைக் கொடுத்தார். அந்தக் காலத்து லத்தீன் எழுத்தில், நாலு வருஷ இடைவெளிக்குள் அந்தப் பெயரில் ஐந்து குழந்தைகள். அதில் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன் பெயரும் ஒன்று. தாய் பெயர் மட்டும் வேறு வேறு. ஒருத்தி எங்கள் வீட்டு வழி, இன்னொருத்தி அவர்கள் வீட்டு வழி என்பது கல்லறைக் கற்களை வைத்துத் தெரிந்தது. ஆக, இரண்டு பேர் நிஜமாகவே இருந்தார்கள். ஒரே வயதுக்காரர்கள். அடக்கப் பதிவேட்டைப் பார்த்தால் யார் எப்போது செத்தார் என்று தெரிந்துவிடும் என்று எடுத்தோம். எப்போதோ ஒரு புயலில் தண்ணீர் புகுந்து நனைந்து காய்ந்த புத்தகம் அது. எங்களுக்கு வேண்டிய பக்கங்கள் ஒரே அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பாண்டிச்சேரியில் பழைய புத்தகங்களைச் செப்பம் செய்கிற ஒருவரிடம் காட்டினோம். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பிரிச்சா தூளாயிடும்ங்க. இப்பிடியே வச்சிக்கோங்க" என்று துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கு. அதில் வீடு வீடாகப் பெயர் இருக்கும், தொழில் இருக்கும், எந்த வீட்டில் யார் என்று கிடைத்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஒரு சனிக்கிழமை காலையில் மரக்காணத்தில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். அவர் மனைவிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நானும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் மட்டும் சொன்னேன், அப்பாவிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் எனக்கு விட்டார். கோவளம் தாண்டியதும் அவர் தன் மகளைப் பற்றியும், பெங்களூரில் அவள் வேலையைப் பற்றியும் சொன்னார். நான் அப்பாவின் மாத்திரைகளைப் பற்றிச் சொன்னேன்.

நூலகத்தில் எங்களுக்குக் கொடுத்தது தடித்த, அட்டை உதிர்ந்த புத்தகங்கள். பக்கம் பக்கமாக எண்கள். எங்கள் தாலுகா, எங்கள் ஊர், வீடுகள் இத்தனை, ஆண் இத்தனை, பெண் இத்தனை, கிறிஸ்தவர் இத்தனை. பெயரே இல்லை. அங்கே வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம் கேட்டோம். பெயர் எழுதின தாள்களை எல்லாம் கூட்டி முடித்ததுமே அழித்துவிடுவது அப்போதிருந்த வழக்கம் என்று பொறுமையாக விளக்கினார். "நெறைய பேர் இதக் கேட்டுத்தான் சார் வர்றாங்க. தொகை மட்டும்தான் இருக்குது."

மேற்கு வீட்டுக்காரர் எங்கள் ஊர் இருந்த வரியில் விரலை வைத்தார். கணக்கு வாத்தியார். எண்ணைப் பார்த்தால் அவருக்கு ஏதாவது செய்யத் தோன்றும். "ரெண்டு பேரும் இதுக்குள்ளதான் இருக்காங்க" என்றார். நான் ஊர்ப் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுதினேன்.

கடைசியாகக் கோர்ட். நகல் கேட்டு மனுப் போட்டோம். பழைய குற்ற வழக்குக் கட்டுகளில் பெரும்பாலானவை எப்போதோ கழித்துக் கட்டப்பட்டுவிட்டன, இருந்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அப்பாவுக்கு இரண்டாவது தடவை வாதம் வந்தது. பேச்சு இன்னும் குழறியது, நான் வாய்க்குக் கிட்டே காதை வைத்துத்தான் கேட்கவேண்டும். "அந்த மலரு வந்துடுச்சா?" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார். இன்னும் அச்சிடவில்லை என்பேன்.

ஒருநாள் நகல் தயார் என்று தகவல் வந்தது. நானும் அவரும் போய் வாங்கினோம். மூன்று தாள். கோர்ட் வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்து படித்தோம்.

தீர்ப்பு இங்கிலீஷில் அரைப் பக்கம். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், தகப்பன் பெயர், கிறிஸ்தவர், உப்பு வேலை, வயது சுமார் முப்பது, எங்கள் ஊர். கூரைக்குள் இவ்வளவு உப்பு. குற்றம் நிரூபணம். சிறை. அடுத்த இரண்டு தாள்கள் சாட்சிகள் சொன்னது. அது தமிழ்க் கையெழுத்து, புள்ளி இல்லாமல், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் இல்லாமல் எழுதியது. எனக்குப் பழைய பத்திரங்கள் படித்த பழக்கம் இருந்ததால் நான் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் சாட்சி உப்பு இலாகாச் சிப்பாய். இரண்டாவது சாட்சியின் பெயரை இரண்டு தடவை படித்தேன். அதே பெயர், அதே தகப்பன் பெயர், கிறிஸ்தவர், உப்பு வேலை, வயது சுமார் முப்பது, அதே ஊர்.

அந்த இரண்டாவது சாட்சி சொன்னது பத்து வரிதான். சிப்பாய்கள் விடியற்காலையில் வந்து முதலில் அவரைத்தான் பிடித்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு பெயர் மட்டும். அந்தப் பெயர் உனக்குத்தானே என்று கேட்டு அடித்துக் கையைக் கட்டினார்கள். என் வீட்டில் உப்பு இல்லை, நீங்கள் தேடுகிற பெயர்க்காரன் நான் இல்லை, இதே பெயரில் இன்னொருவன் இருக்கிறான் என்று அவர் சொன்னார். எங்கே என்று கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எதிரிக்கும் எனக்கும் பகை இல்லை என்று கடைசி வரி. அதற்குக் கீழே பெருவிரல் ரேகை.

வாசித்து முடித்துவிட்டு நான் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். காட்டிக் கொடுத்தது என்று இரண்டு வீட்டிலும் சொல்லி வந்தது இதைத்தான். பொறாமையில்லை, கூலியில்லை. கட்டிய கையோடு நின்ற ஒருவன், நான் அவன் இல்லை என்று சொன்னது. அதை அவன் சொல்லாவிட்டால் அவனே ஜெயிலுக்குப் போயிருப்பான்.

"இதுல எது எங்க ஆளு?" என்றார் அவர்.

திரும்பவும் படித்தேன். ஒரே ஒரு இடம் பிடி கிடைத்த மாதிரி இருந்தது. சாட்சியின் வீடு கோயிலுக்குத் தெற்கே மூன்றாவது என்று எழுதியிருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆனால் அந்தக் கோயில் இப்போது இருக்கிற கோயில் இல்லை. பழைய கூரைக் கோயில் கடல் பக்கம் இருந்தது என்று சிலர், குளத்துப் பக்கம் என்று சிலர். குடியிருப்பே அதற்குப் பிறகு இரண்டு தடவை எரிந்து இடம் மாறியது. சாமியாரின் கோப்பில் தேடினோம், வரைபடம் எதுவும் இல்லை. நில அளவைப் பதிவேட்டில் நானே தேடினேன். அந்த இடம் முழுவதும் தனித்தனி மனையாகப் பிரிக்காமல் கிராம நத்தம் என்று ஒரே சர்வே எண்ணாகக் கிடந்தது.

எதிரியின் ரேகை தீர்ப்புக்குக் கீழே. சாட்சியின் ரேகை சாட்சியத்துக்குக் கீழே. நகல் இயந்திரத்தில் இரண்டும் கருப்புத் தீற்றலாகத்தான் வந்திருந்தன. சுத்தமாக வந்திருந்தாலும் எதோடு ஒப்பிடுவது?

ஜெயிலுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டோம். அந்தக் காலப் பதிவேடுகள் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதோடு போக இடம் இல்லாமல் போனது.

அவர் அந்தப் பதில் கடிதத்தை என்னிடம் கொடுத்தபோது எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அப்பா இருக்கிற வீட்டு வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிடவில்லை. ஐம்பத்தேழு வயதில், சொந்தச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டில், ஒரு மனிதரை உள்ளே வாங்க என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை போல. "சரி, வரேன்" என்று போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவரோடு சென்னைக்குப் போனதையும் சொன்னேன். சாட்சியத்தைக் காதுக்குக் கிட்டே மெதுவாக வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நம்ம ஆளு அப்பிடிச் சொல்ல மாட்டாரு" என்றார்.

"யாருன்னு அதுல இல்லப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. யாரு வேணா இருக்கலாம்."

"அவனுங்கதான்."

"கையக் கட்டி வச்சிருந்தாங்கப்பா. அடிச்சிருக்காங்க. உன்ன அப்பிடிப் பண்ணா நீ என்ன சொல்லுவ?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. குனிந்து, "என்னப்பா?" என்றேன். திரும்பவும் ஏதோ சொன்னார். மூன்றாவது தடவை கேட்டதும் எரிச்சலாகி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, போய்ச் சேர்ந்திருந்தார். அந்த மூன்று தடவையும் அவர் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் முன்னால் நடந்ததைப் பற்றி ஏதாவது இருந்ததோ என்று சில நாள் நினைப்பேன். மாத்திரை கேட்டதாகவும் இருக்கலாம்.

அடக்கத்துக்கு மேற்கு வீட்டிலிருந்து அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். தெரு முழுக்கப் பார்த்தது. சென்னையிலிருந்து வந்த என் தம்பி என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "அவங்க எதுக்குக்கா வந்தாங்க? அப்பா ஒத்துக்குவாரா?" என்றான். அவனுக்கு ஐம்பது வயது, பெரிய கம்பெனியில் வேலை. அவன் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் எந்த வீடு எது என்றுகூடத் தெரியாது. "செத்தவருக்கு மரியாத செய்ய வந்திருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். அவர்கள் கல்லறை வரைக்கும் வரவில்லை. கோயில் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

மலர் வந்தது. சாமியார் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு, இந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் கழியில் உப்பு அள்ளியதற்காகச் சிறை சென்று திரும்பி இறந்தார் என்று ஒரு வரி போட்டிருந்தார், பெயர் இல்லாமல். என்னிடமும் மேற்கு வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் போட்டார். இரண்டு பேரும் சரி என்றோம். அதற்கு என் தம்பி போனில் அரை மணி நேரம் சண்டை போட்டான். மேற்கு வீட்டில் அவருடைய மகனும் அப்படித்தான் என்று கேள்வி. "எங்க தாத்தாவ ஊருக்கே பொதுவாக்கிட்டாரு எங்கப்பா" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். சாட்சியின் வார்த்தைகளை என் தம்பிக்கும் அந்த மகனுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தோம். என் தம்பி அதைப் படித்துவிட்டு, "பாத்தியா, எவ்ளோ தந்திரமா பேசியிருக்கான் மேற்கு வூட்டுக்காரன்" என்றான். அந்தப் பையன் அங்கே என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவரும் நானும் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது. தேடும்போது பேச விஷயம் இருந்தது. அடுத்து எந்த அலுவலகம், எந்த மனு, என்றைக்குப் பஸ். அது முடிந்ததும் கோயிலில் பார்த்தால் தலையசைப்பது, அவ்வளவுதான். எனக்கு நிரூபிக்கிற ஆசை எப்போதோ போய்விட்டிருந்தது. தாத்தா ஜெயிலுக்குப் போனவரா, கட்டவிழ்த்து விடப்பட்டவரா என்பதில் இனி எனக்கு என்ன இருக்கிறது? தெரிந்திருந்தாலும் அந்தப் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போய் அந்த இருபத்துநாலு வயசுப் பெண்ணிடம் அதைச் சொல்ல முடியாது.

இந்தக் கோடையில் அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பெங்களூரில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் அவர் மனைவி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை அதுவரை வீட்டுக்குள் வைத்துப் பேசியதில்லை. இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டேன். சுவரில் அப்பா படத்தைப் பார்த்தார், அம்மா படத்தைப் பார்த்தார்.

"உங்கள மாதிரி ஒருத்தங்க இருந்தாங்கன்னு கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்க்கா" என்றார். "அத்த சொன்னாங்க. நான் எதுவும் நெனச்சிக்கல."

நான் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் அவ்ளோ அலைஞ்சீங்களே. கெடச்சுதாக்கா?"

"இல்லம்மா."

"கெடச்சிருந்தா?"

அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார், ஆனாலும் முழுவதும் குடித்தார். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும், தென்னை மரத்துக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்று சொன்னார். எழுந்து போகும்போது என் கையைப் பிடித்து, "ஒடம்பப் பாத்துக்கோங்கக்கா" என்றார்.

மறுநாள் காலையில் அவர்கள் சாமான் ஏற்றிய வண்டி எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மெயின் ரோட்டுக்குப் போனது. நான் அப்போது அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வருவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.